எறங்காத பாட்டு

எங்கள் பாட்டை நான் முதலில் பாடியது பஸ்ஸில். அதைப் பாட்டு என்று அப்போது சொல்ல முடியாது. கோபத்தில் வாயில் வந்த இரண்டு சொல், அவ்வளவுதான்.

நானும் சின்னம்மா மகன் தம்பியும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே மாதா கோயில் மண்டபத்தில் கிட்டார் வாசிக்கிற அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்தால் மண்டபம் மாலை வரை சும்மா கிடக்கும். சத்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்லியிருந்தார். அண்ணனிடம் கிட்டார், என்னிடம் குரல், தம்பியிடம் தப்பு மேளம். ராக் இசைக்கு டிரம்ஸ் வேண்டாமா என்று கேட்டவர்கள் உண்டு. "தப்புல வராத அடி அதுல என்னக்கா இருக்கு?" என்று தம்பி கேட்பான்.

தப்பைத் தோட்டத்தில் திருவிழாவுக்கும் அடிப்பார்கள், சாவுக்கும் அடிப்பார்கள். ஆனால் பஸ்ஸில் அந்த வட்டத் தோலைப் பார்க்கிறவர்களுக்குச் சாவு மட்டும்தான் ஞாபகம் வரும். அன்றைக்குக் கண்டக்டரும் தமிழர், நம் ஆள்தான். பாதி வழியில் தம்பியின் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது செத்த வீட்டுச் சாமான். இத வச்சிகிட்டு உள்ள நிக்காதீங்க. எறங்குங்க."

தம்பிக்கு இது பழக்கம். அவன் வாசல் பக்கம் திரும்பிவிட்டான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"எறங்க மாட்டோம்" என்றேன்.

"என்னம்மா?"

"டிக்கட் எடுத்திருக்கோம். எறங்க மாட்டோம்."

பஸ் ஏற்றத்தில் நின்றது. நான் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். பின்னாலிருந்து லீக்ஸ் மூட்டையோடு ஒரு சிங்கள அம்மா "யமு, யமு", போவோம் போவோம் என்றார். எங்களுக்காகச் சொன்னாரா, சந்தைக்கு நேரமாகிறது என்று சொன்னாரா, இன்றைக்கும் தெரியாது. பஸ் நகர்ந்தது. ஹட்டன் வரும்வரை கண்டக்டர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மண்டபத்துக்குப் போய்ப் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியின் வயரில் மாட்டினார். அந்தப் பழைய பெட்டியிலிருந்து வரும் சத்தத்தில் எப்போதும் ஒரு கரகரப்பு இருக்கும். அதைச் சரிசெய்ய எவ்வளவோ பார்த்திருந்தார். அன்றைக்குச் சரிசெய்யவில்லை, இன்னும் கூட்டிவிட்டார். தம்பி தப்பை வெயிலில் காயவைத்து எடுத்து வந்து அடித்தான். பஸ்ஸில் அவன் விழுங்கியது எல்லாம் அந்த அடியில் இருந்தது. நான் கத்தினேன். மாலைக்குள் பாட்டு வந்துவிட்டது.

தள்ளுனா சாய மாட்டோம்
திட்டுனா தேய மாட்டோம்
ஏறி வந்த எடம் இது
எறங்க மாட்டோம், எறங்க மாட்டோம்

முதலில் பஸ், கண்டக்டர், டிக்கட் எல்லாம் பாட்டில் இருந்தன. பாடப்பாட அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எங்கிருந்து இறங்க மாட்டோம் என்று கடைசியில் பாட்டில் எங்கேயும் இல்லை. அப்படி விட்டதற்கு எந்த யோசனையும் காரணமில்லை. சொல் கூடினால் எனக்கு மூச்சு வாங்கியது.

பதிவுக்குக் கொழும்புக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார், தப்பின் சத்தத்தைப் பிடிக்க மைக்கை நாலு இடத்தில் மாற்றி வைத்துப் பார்த்தார். ஆனால் நான் பாடியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை உயர்த்தினார்.

"தங்கச்சி, 'இறங்க' எண்டு பாடுங்கோ. 'எறங்க' எண்டா கேக்கிற சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டுங்க அண்ணே. எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம்."

"ரேடியோவில போட மாட்டாங்கள்."

"பரவாயில்லிங்க."

கிட்டார் அண்ணன் என்னைப் பார்த்தார். ஓரெழுத்துதானே, விட்டுக்கொடேன் என்று அந்தப் பார்வை சொன்னது. நான் 'இறங்க' என்று ஒருமுறை பாடிப் பார்த்தேன். அது யாரோ பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல இருந்தது. தம்பிதான் முதலில் சிரித்தான். 'எறங்க' என்றே பதிவு செய்தோம்.

ரேடியோவில் முதலில் போடவில்லை என்பது உண்மைதான். பஸ்ஸில் போட்டார்கள். தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா ரோட்டில் ஓடுகிற பஸ்களில் ஒரு டிரைவர் போட, எதிரே வந்தவர் கேட்டு வாங்க, ஆட்டோக்காரர்கள் போட, பிறகு அது கைப்பேசி கைப்பேசியாகப் போய்விட்டது. நான் அப்போது ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடை வாசலில் நிற்கும் ஆட்டோவில் என் குரல் கேட்கும், நான் உள்ளே இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். பாடினது நான்தான் என்று வாங்க வந்தவருக்குத் தெரியாது. அதில் எனக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்.

வலப்பனையில் ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது பாட்டிலேயே கரண்ட் போய்விட்டது. கிட்டார் ஊமையாகிவிட்டது. தம்பி மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் நின்ற பெண்பிள்ளைகள் பாட்டைத் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள். சிங்களப் பையன்கள் சிலரும் சேர்ந்து, பொருள் தெரிந்தோ தெரியாமலோ, 'எறங்க மாட்டோம்' என்று கத்தினார்கள். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வேறு பாட்டுகளும் போட்டோம். அவற்றில் ஒன்று இதைவிட நல்ல பாட்டு என்று இப்போதும் நினைக்கிறேன். அதைக் கேட்டவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும். மேடையில் புதிதாக எதையாவது தொடங்கினால், நாலாவது வரி வருவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும்: "அதப் பாடுங்கக்கா." எனக்கு எரிச்சலாக இருக்கும். கிட்டார் அண்ணனுக்கு அதைவிட. அவர் கொழும்புக்குப் போய்க் கைப்பேசி திருத்தும் கடையில் சேர்ந்துவிட்டார். தம்பி தோட்டத்து ஃபெக்டரியில் வேலைக்குப் போனான், கல்யாணம் முடித்துக் குழந்தையும் பெற்றான். குழு கலைந்தது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கலைந்துவிட்டது.

பாட்டு கலையவில்லை. கல்யாண வீட்டில் மணப்பெண் மேடையை விட்டு இறங்க மாட்டாள் என்று தோழிகள் அதைப் பாடினார்கள். கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவன் அதைப் பாடிக்கொண்டு மைதானத்தில் நின்றான். தேர்தலில் நிற்கிறவர்களும் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒரு பாட்டு ஏன் நிலைத்து நிற்கிறது என்று என்னைக் கேட்டவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அதில் எங்கள் கதை இல்லை, அதனால்தான். கேட்கிறவர் தன் கதையை அதில் ஏற்றிவிடலாம். எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றால் அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்தப் பெருமழை வந்தது.

விடாமல் பெய்தது. ரோடுகள் அறுந்தன, ரயில் நின்றது, கரண்ட் போய்ப்போய் வந்தது. நான் ஹட்டனில் வாடகை அறையில் இருந்தேன். அம்மா தோட்டத்து வரிசை வீடுகளில், மேல் லயத்தில், நான் பிறந்த அதே ஒற்றை அறைக் காம்பிராவில். மழை கொஞ்சம் தணிந்த ஒரு காலை, கடையில் கூட வேலை செய்கிற பிள்ளை கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, ஒங்க பாட்டு."

வீடியோவில் மேல் லயத்து வாசல். கிராம சேவகர் குடையோடு நிற்கிறார். மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும் என்று சொல்கிறார். சனம் வராந்தாவில் வரிசையாக நின்று அவர் முகத்துக்கு நேரே பாடுகிறது. எறங்க மாட்டோம், எறங்க மாட்டோம். தப்பு அடிக்கிறவன் என் தம்பி. மூன்றாவதாகக் கை தட்டிக்கொண்டு நிற்பது என் அம்மா.

படத்துக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சபாஷ் என்று எழுதியிருந்தார்கள். நான் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு அப்படியே கிளம்பினேன்.

ஆட்டோ பாதி வழிக்குத்தான் வந்தது. அதற்கு மேல் ரோட்டில் மரமும் மண்ணும் கிடந்தன. சேற்றில் நடந்து, காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தைத் தாண்டி, குறுக்குப் பாதையில் ஏறினேன். மேல் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பி ஓடி வந்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியாக்கா? நம்ம பாட்டு இப்பதான் வேலை செய்யுது."

"வெடிப்பு எங்கடா இருக்கு?"

"அத விடுக்கா. வா, நீயும் வந்து ஒருக்கா பாடு."

"வெடிப்பக் காட்டு."

லயத்துக்குப் பின்னால், தேயிலைக்குள் கூட்டிப்போனான். ஒரு வரிசைச் செடி மற்ற வரிசையைவிட முழங்கால் அளவு கீழே இறங்கி நின்றது. யாரோ மலையைக் கத்தியால் கீறி, கீழ்ப்பாதியைக் கொஞ்சம் இழுத்துவிட்டதுபோல இருந்தது. நான் குனிந்து அந்த வெடிப்பின் வாய்க்குள் கையை விட்டேன். தோள் வரை போனது. அடி தட்டவில்லை. பக்கத்துக் கான் வாய்க்காலில் எப்போதும் தெளிவாக ஓடும் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. தம்பியையும் கையை விடச் சொன்னேன். விட்டான். எடுத்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

வாசலுக்குத் திரும்பி வந்தோம். சனம் என்னைப் பார்த்ததும் கை தட்டியது. பாடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கடைசி காம்பிராவில் இருக்கிற அத்தை மைக் நீட்டுவதுபோல ஒரு கரண்டியை நீட்டினார்.

"எல்லாரும் எறங்கணும்" என்றேன். "இப்பவே."

கை தட்டல் நின்றுவிட்டது. அம்மாதான் முதலில் பேசினார்.

"எறங்குனா திரும்ப ஏத்த மாட்டாங்க. கீழ் டிவிஷன்ல மண்ணு விழுந்தப்ப ஸ்கூலுக்குப் போனவங்க எத்தன வருஷம் அங்க கெடந்தாங்க, மறந்துட்டியா? அந்தப் பக்கம் ஒரு வீடாவது வந்துச்சா?"

"மறக்கலம்மா."

"பாட்ட எழுதுனவளே எறங்கச் சொல்றா" என்றார் அத்தை. "நல்லா இருக்குடி."

"நாந்தான் எழுதுனேன் அத்த. பஸ்ஸுல எறங்குன்னு சொன்னவன்கிட்ட எறங்க மாட்டேன்னு சொன்னேன். மண்ணுக்குள்ள எறங்குறதுக்கு எழுதல."

"ஒனக்கென்ன, நீ டவுன்ல இருக்க. நாங்க எறங்குனா எங்களுக்கு இந்தக் காம்பிராவும் இல்ல."

அவர் சொன்னது முழுக்கச் சரி. கிராம சேவகர் ஓரமாகக் குடைக்குள்ளும் நனைந்துகொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இன்னைக்கு இறங்குங்க. மத்தது நாளைக்குக் கதைக்கலாம்" என்றார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ஆனால் 'நாளைக்கு' என்ற சொல்லை நம்பி மோசம்போனவர்கள் என் முன்னால் நின்றார்கள்.

"சரி அத்த" என்றேன். "நானும் ஒங்களோட ஸ்கூல்ல வந்து படுக்கிறேன். டவுன் ரூம விட்டுர்றேன். ஒங்களுக்கு வீடு கெடைக்கிற வரைக்கும் நான் அங்கதான். ஒங்களுக்கு எது நடக்குதோ அது எனக்கும் நடக்கட்டும்."

"சொல்லிட்டுப் போயிருவ."

"போக மாட்டேன்."

அதற்குள் தம்பி தன் காம்பிராவுக்குள் போய், குழந்தையை ஒரு கையிலும் தப்பை ஒரு கையிலுமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். படியில் இறங்கி நடந்தான். வெடிப்புக்குள் கை விட்டவன் போகிறான் என்றதும் மற்றவர்களும் அசைந்தார்கள். அம்மா சாமி படத்தையும் அரிசிப் பையையும் எடுத்துக்கொண்டார். அத்தை கடைசியாகக் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். வழியில் யாரும் பாடவில்லை. கோழிகளைப் பிடிக்க ஓடியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மலை சரிந்து வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லொறி கல் கொட்டுவதுபோலச் சத்தம் வந்தது, ஆனால் அது நிற்கவில்லை. மேல் லயத்தில் பாதி போய்விட்டது. அம்மாவின் காம்பிரா, தம்பியுடையது, அத்தையுடையது எல்லாம் அந்தப் பாதியில். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் அறையைக் காலி செய்தேன். காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து கடைக்குப் போவேன், வேலை முடிந்து பள்ளிக்கூடத்துக்கே வருவேன். சேலைகளைத் திரையாகக் கட்டிய வகுப்பறையில் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் படுப்பேன். குளிக்க வரிசை, கழிப்பறைக்கு வரிசை. சண்டைகளும் வந்தன. "நீதானே எறக்குன" என்று என்னைத் திட்டியவர்கள் உண்டு. திட்டினவர்களுக்கும் காலையில் தேநீர் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் படிப்பு தொடங்க வேண்டியிருந்ததால் எங்களில் பாதிப்பேரை அம்மன் கோயில் மண்டபத்துக்கும் மீதிப்பேரை மாதா கோயில் மண்டபத்துக்கும் மாற்றினார்கள். நாங்கள் அந்தப் பாட்டைச் செய்த அதே மண்டபம் இல்லை, எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயில்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு கூட்டம் வைத்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை வந்தார், அதிகாரிகள் வந்தார்கள். லயத்தில் விழாமல் நிற்கிற பாதி உறுதியாக இருக்கிறது, இப்போதைக்கு எல்லாரும் அங்கே போய் நெருக்கி இருந்துகொள்ளுங்கள், வீட்டு விஷயம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். நான் எழுந்து பேச வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

"ஏற மாட்டோம்" என்றார்.

துரைக்குப் புரியவில்லை. "என்ன?"

"அன்னைக்கு எறங்கச் சொன்னீங்க, எறங்கிட்டோம். இப்ப ஏறச் சொல்றீங்க. ஏற மாட்டோம். எடத்தக் காட்டுங்க, வீடு கட்டிக்கிறோம்."

பின்னாலிருந்து தப்பு ஒரு அடி விழுந்தது. தம்பி எப்போது அதை எடுத்து வந்தான் என்று நான் பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் பாடினார்கள், என் ராகத்தில், அத்தையின் சொல்லில். நானும் பாடினேன். வலப்பனையில் வாயை மூடிக்கொண்டு நின்றதுபோல அன்றைக்கு நிற்க முடியவில்லை. குரல் பழைய உயரத்துக்குப் போகவில்லை, நடுவில் உடைந்தது. உடைந்த இடத்தில் திரும்பத் தொடங்கினேன்.

ஒரு பாட்டுக்காக யாரும் காணி கொடுத்துவிடுவதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலக வாசல்கள், எத்தனையோ 'நாளைக்கு'கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கிராம சேவகர், அன்றைக்கு முகத்துக்கு நேரே பாட்டு வாங்கியவர், சிங்களத்தில் பேச வேண்டிய இடங்களுக்கெல்லாம் எங்களோடு வந்தார். நாங்கள் மண்டபத்தை விட்டு நகரவில்லை, அவ்வளவுதான் எங்கள் கையில் இருந்த பலம். கடைசியில் ரோட்டோரம் சரிவு குறைந்த ஒரு பழைய தேயிலை மலையை அளந்து பிரித்துக் கொடுத்தார்கள்.

கிட்டார் அண்ணன் இதைக் கேள்விப்பட்டுக் கொழும்பிலிருந்து வந்தார். புதிய சொல்லோடு மறுபடி பதிவு செய்வோம், இப்போது போட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். அத்தையைப் பாடச் சொல்லிக் கேட்டோம்.

"எனக்கு வேற வேலை இல்லியா?" என்றார் அத்தை. "பாட்டு நல்லாத்தான் போயிகிட்டு இருக்கு. அத எதுக்கு நோண்டுறீங்க?"

அவர் சொன்னது சரிதான் என்று விட்டுவிட்டோம். பழைய பதிவு இன்னும் பஸ்களில் ஓடுகிறது. தலவாக்கலையில் போன மாதம் மூன்று பேரும் மறுபடி ஒரு மேடையில் பாடினோம். பாதிப்பேர் 'எறங்க மாட்டோம்' என்றார்கள், பாதிப்பேர் 'ஏற மாட்டோம்' என்றார்கள். யாரையும் திருத்தவில்லை.

வீடு கிடைக்கிறவரை கூடவே இருப்பேன் என்று அத்தையிடம் நான் சொன்ன சொல் இன்னும் முடியவில்லை. சில வீடுகளுக்குக் கூரை ஏறிவிட்டது. எங்களுடையது ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. அம்மாவும் நானும் பக்கத்தில் தகரக் கொட்டகையில் இருக்கிறோம், மழை விழுந்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. சனிக்கிழமை ஜன்னல் நிலை வைக்க மேசன் வருகிறார். மணல் சுமக்க ஆள் வேண்டும் என்றார். தம்பி வருகிறேன் என்றிருக்கிறான். நான் கடையில் லீவு சொல்லியாயிற்று.